எண்ணிக்கை சரி, கண்டுபிடித்தது என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில், வெளிநாட்டில் கண் ஆராய்ச்சி செய்யும் நம்மவர் ஒருவரைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. சந்தோசம். படமும் நன்றாக இருந்தது. எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை ஆயிரம் தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், எச் இன்டெக்ஸ் எவ்வளவு, எல்லாம் இருந்தது. எந்தக் கண் நோயைப் பற்றி ஆராய்கிறார் என்பது மட்டும் இரண்டு தரம் வாசித்தும் கிடைக்கவில்லை. சதம் அடித்தார் என்று போட்டுவிட்டு எந்த மெட்ச் என்று சொல்லாமல் விட்ட மாதிரி.

எச் இன்டெக்ஸ் என்பது 2005இல் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் கொண்டுவந்த கணக்கு. ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்து, 21க்கு அது பொருந்தாவிட்டால், அவருக்கு 20. கெட்டிக்காரக் கணக்குத்தான், யாரும் திரும்பிப் பார்க்காத கட்டுரைகளை மூட்டை மூட்டையாக எழுதியவர் இதில் மாட்டிக்கொள்வார். ஆனால் அது ஏறுமே தவிர இறங்காது, ஓய்வுபெற்ற பிறகும் ஏறும் (என் பென்சன் அப்படி ஏறினால் நல்லது). புற்றுநோய் ஆராய்ச்சியோடு பார்த்தால் கண் ஆராய்ச்சி சின்ன வட்டம், மேற்கோள் காட்ட ஆட்களும் குறைவு, ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைக்கமுடியாது. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டினாலும் பல இடங்களில் கணக்கில் சேரும். ஒரு கட்டுரை பிழை என்று சொல்வதற்காக இன்னொருவர் அதை மேற்கோள் காட்டினாலும், அதுவும் ஒரு மேற்கோளாகத்தான் எண்ணப்படும்.

2006இல் குவிக்லி, புரோமன் இருவரும் எழுதிய ஒரு கட்டுரை, 2020இல் உலகில் ஏறக்குறைய 8 கோடிப் பேருக்குக் குளுக்கோமா (கண் நரம்பு கெட்டுப் பார்வை குறையும் நோய்) இருக்கும் என்று கணித்தது. ஏராளமான மேற்கோள். குளுக்கோமா பற்றி எழுதுகிறவர்களுக்கு முதல் வரியிலேயே இத்தனை கோடிப் பேர் என்று ஒரு தொகை வேண்டும், கை அங்கேதான் போகும். பயனுள்ள வேலைதான், சரி, ஆனால் மேற்கோள் கூடுவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

இன்னொன்று. தம்பலகாமத்தில் அத்தான் வயல் செய்கிறார். வெட்டு மெசினுக்குப் பக்கத்தில் நின்றபோது நெல் சுணை கண்ணில் அடித்தது. கழுவினார், தேய்த்தார், அப்புறம் ஒரு கடையில் கண் சிவப்புக்கு என்று கேட்டு ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொண்டார். பத்தாம் நாள் கருவிழியில் குறுணி அளவில் வெள்ளைப் புள்ளி. பங்கசு, அதாவது பூஞ்சைத் தொற்று. அதற்கு ஸ்டீரொயிட் விட்டது தீனி போட்டதற்குச் சமம். கண் டொக்டர் அதை நிறுத்தி, பங்கசைக் கொல்லும் நேட்டமைசின் சொட்டு மருந்து கொடுத்தார். போத்தலைக் குலுக்கி மணிக்கொரு துளி விடவேண்டும், இமையோரத்தில் வெள்ளையாகப் படியும், அக்கா போனில் அலாரம் வைத்து வைத்து விட்டார். தழும்பு இருக்கிறது, மனுசன் மோட்டார் சைக்கிள் ஓடுகிறார்.

நேட்டமைசின் பழைய மருந்து. அதைவிடப் புதிய வொரிகொனசோல் நல்லதா என்று தென்னிந்தியாவில் அரவிந்த் கண் மருத்துவமனைகளில், இதே மாதிரிக் கருவிழியில் பங்கசு வந்த 323 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். பழையதுதான் வென்றது, அதிலும் பியூசேரியம் என்ற பங்கசில் வித்தியாசம் பெரிது. வயல் செய்கிற ஊர்களுக்கு இதைவிட வேண்டிய செய்தி என்ன இருக்கிறது? அதை எழுதியவர்களின் எச் இன்டெக்ஸ் எவ்வளவு என்று தேட எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் நிருபர் அடுத்த தடவை அந்த ஆய்வாளரோடு பேசும்போது, இத்தனை கட்டுரைகளில் எவற்றில் அவர் பெயர் முதலில் நிற்கிறது என்று கேட்கட்டும், மருத்துவக் கட்டுரைகளில் பெரும்பாலும் வேலையைச் செய்தவர் முதலிலும் வழிநடத்தியவர் கடைசியிலும் நிற்பார்கள், நடுவில் இருபது பேர் இருக்கலாம். பிறகு அவரே விரும்பும் ஒரேயொரு கட்டுரையைக் கேட்டு வாங்கி, அதனால் யாருடைய கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். படம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.