"ஹார்வியையே பார்த்தவங்க" என்று சொல்லாதே, கண்ணா

அன்புள்ள கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன ஒரு வார்த்தை நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. ஃப்ளோரிடாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நீ பிடித்திருக்கும் வீடு தண்ணீருக்கு எவ்வளவு பக்கம் என்று கேட்டேன். "நாம ஹார்வியையே பார்த்தவங்கம்மா, இதெல்லாம் சமாளிச்சுக்கலாம்" என்றாய். 2017-ல் ஹூஸ்டனில் நம் வீட்டை மூழ்கடித்த ஹார்வி புயலைத்தான் சொன்னாய். போனில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, பேச்சில் கோவையாக வராது. அதனால்தான் எழுதுகிறேன். ஜூன் 1 வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதிலிருந்து நவம்பர் 30 வரை ஹரிகேன் சீசன். அதற்குள் இதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடு.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஹார்வி வந்தபோது வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தது அப்பா என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவரும் இதுவரை மறுத்ததில்லை. அந்த முடிவு என்னுடையது.

2005 செப்டம்பரில் ரீட்டா புயல் வந்தபோது உனக்கு மூன்று வயது. கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் பயத்தில் ஹூஸ்டனே ஒரே நேரத்தில் கிளம்பியது. ஐ-45 நெடுஞ்சாலையில் டாலஸ் பக்கம் போனோம். நாலு மணி நேரப் பாதை, இருபத்திரண்டு மணி நேரம் ஆயிற்று. பெட்ரோல் தீர்ந்துவிடுமோ என்று ஏசியை அணைத்துவிட்டோம். வெயிலில் நீ வாந்தி எடுத்து, கடைசியில் அழக்கூடத் தெம்பில்லாமல் பின் சீட்டில் துவண்டு கிடந்தாய். அதே சாலையில், டாலஸுக்குச் சற்று முன்னால், முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றி வந்த பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்துபோனார்கள். புயலோ கடைசியில் கிழக்கே திரும்பிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் நம் கூரையில் ஒரு ஷிங்கிள்கூட நகரவில்லை.

இனி எந்தப் புயலுக்கும் வாசல் தாண்டமாட்டேன் என்று அன்றைக்கே தீர்மானம் பண்ணிக்கொண்டேன். அதனால் 2017 ஆகஸ்ட் 25 வெள்ளிக்கிழமை, மேட்டுப் பக்கத்தில் மாடி வீட்டில் இருந்த என் தோழி போன் பண்ணி "மூணு பேரும் இங்க வந்துடுங்க" என்றபோது, ரீட்டாவில் பட்டது போதும் என்று சொல்லிவிட்டேன். அப்பா பையைக்கூட எடுத்து வைத்திருந்தார். ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லி நகரத்தில் உத்தரவு ஏதும் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் எனக்கு வந்த அழைப்பு அருகில்தான், இருபது நிமிஷ தூரம். வேண்டாம் என்றது நான்.

அன்று இரவு ஹார்வி ராக்போர்ட் பக்கம் நாலாம் வகைப் புயலாகக் கரையேறியது. நமக்கு அது நூற்றைம்பது மைலுக்கு மேல் தள்ளி. சனிக்கிழமை காற்று அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை, தப்பித்தோம் என்று நினைத்தோம். ஆனால் அது போகவில்லை, நகராமல் நின்றுகொண்டு பெய்தது. டெக்சஸிலேயே நெடர்லாந்து என்ற ஊரில் மட்டும் 60 அங்குலத்துக்கு மேல் அளந்தார்கள். பிரேஸ் பேயூ ஓடை நிரம்பித் தெருவுக்கு வந்து, தெரு நம் வீட்டுக்குள் வந்தது. ஞாயிறு விடிகாலை மூன்று மணி. கதவு வழியாக வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அது சுவரோரம், தரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து ஊறி வந்தது. கழிவுநீரும் சேர்ந்த தண்ணீர்.

நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? கொலுப் பெட்டிகளைத் தூக்கி டைனிங் டேபிளில் வைத்துக்கொண்டிருந்தேன். கணுக்கால் தண்ணீரில், மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குள், நடந்துகொண்டே இருந்தேன். மெயின் பிரேக்கரை முன்னமே அணைத்திருக்க வேண்டும். அப்பா கத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. பிறகு கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்குக்கு ஏறிவிடலாம் என்றேன். கத்ரீனாவில் அப்படி ஏறியவர்கள் தண்ணீர் மேலே வந்ததும் வெளியே வர வழியில்லாமல் இறந்ததை அப்பா படித்திருந்தார், விடவில்லை. விடிந்த பிறகு பக்கத்துத் தெருக்காரர் மீன்பிடிப் படகில் வந்து ஏற்றிக்கொண்டார். உனக்குப் பதினைந்து வயது. எதிர்வீட்டுப் பாட்டியைக் கைகொடுத்து ஏற்றிவிட்டு, நண்பர்களுக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டு வந்தாய்.

உன் நினைவில் அது படகில் போன கதையாகவே இருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாங்களும் பயத்தை உன் முன்னால் காட்டவில்லை. அது இப்படி வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

சரி, ஹார்வியைப் பார்த்தோம். அதில் கற்றது உன் ஊருக்கு எவ்வளவு பொருந்தும்? அதைத்தான் சொல்ல வந்தேன். ஹூஸ்டனில் நம்மை மூழ்கடித்தது மழைத் தண்ணீர். மணிக்கணக்கில் ஏறும். மேஜை மேல் ஏற, கூப்பிட, படகு வர நேரம் கிடைத்தது. உன் ஊரில் பயப்பட வேண்டியது கடல். உன் ஊரை ஒட்டிய டாம்பா விரிகுடா ஆழமில்லாதது, சராசரி ஏறக்குறைய 12 அடிதான். காற்று கடலை அதற்குள் தள்ளினால் தண்ணீருக்குப் போக வேறு இடம் இல்லை, தெருவுக்குத்தான் ஏறும். அலையோடு, வேகத்தோடு ஏறும். அதற்கு நடுவில் படகு யாரும் கொண்டுவர முடியாது.

2024 செப்டம்பர் 26-ஐப் பற்றி உன் வீட்டு ஓனரிடம் கேட்டுப் பார். ஹெலீன் புயலின் மையம் டாம்பாவுக்கு மேற்கே நூறு மைலுக்கு மேல் தள்ளித்தான் கடலில் போனது. கரையேறியது வடக்கே, பிக் பெண்ட் பகுதியில். டிவியில் காட்டும் கூம்பில் உன் ஊர் இல்லை என்று நிம்மதியாக இருந்தவர்கள் வீட்டுக்குள் கடல் வந்தது, அங்கே இருக்கும் அளவுக் கருவிகளில் அதுவரை பதிவானதிலேயே அதிகமான உயரத்துக்கு. போகாமல் இருந்தவர்கள் சிலர் வீட்டுக்குள்ளேயே மூழ்கி இறந்தார்கள். அந்தக் கூம்பு புயலின் மையம் எங்கே போகலாம் என்பதற்கு மட்டும்தான். வகை எண்ணும் காற்றின் வேகத்துக்கு மட்டும்தான். "ஒன்றாம் வகைதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதே. பெரில் ஒன்றாம் வகைதான். 2024 ஜூலையில் ஹூஸ்டன் பக்கம் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போய், நாங்கள் ஆறு நாள் வெக்கையில் கிடந்தோம்.

ஹெலீன் போன இரண்டு வாரத்துக்குள் மில்டன் வந்தது. நேரே டாம்பா என்றார்கள். கடைசியில் தெற்கே சியஸ்டா கீயில் கரையேறியது. விரிகுடாவின் தண்ணீரைக் காற்று உள்ளே தள்ளாமல் வெளியே இழுத்துவிட்டது. அப்படியும் உன் ஊரில் 18 அங்குல மழை கொட்டியது. கடல் வராததால் "போய்த் திரும்பினது வீண் அலைச்சல்" என்று உன் அக்கம்பக்கத்தில் யாராவது சொல்வார்கள். அதே வார்த்தையைத்தான் நான் ரீட்டாவுக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே இதைச் செய். உன் ஊர் இருக்கும் பினெல்லாஸ் கவுன்ட்டியின் தளத்தில் உன் முகவரியைப் போட்டு வெளியேற்ற மண்டலம் எது என்று பார். ஏ முதல் இ வரை இருக்கும். நீ சொல்கிற இடத்தைப் பார்த்தால் ஏ-வாகத்தான் இருக்கும் என்று அப்பா நினைக்கிறார். முதலில் கிளம்பச் சொல்வது அவர்களைத்தான். இன்சூரன்ஸுக்குப் பார்க்கும் வெள்ள மண்டல வரைபடம் வேறு. அதிலும் ஏ என்ற எழுத்து வரும், குழப்பிக்கொள்ளாதே. உன் மண்டலத்தைக் கிளம்பச் சொன்னால் அன்றைக்கே கிளம்பு. உன் ஊர் மூன்று பக்கமும் தண்ணீர், பாலம் தாண்டித்தான் பெரும்பாலும் போக வேண்டும். காற்று மணிக்கு 40 மைலில் நிலைத்தால் பாலங்களை மூடத் தொடங்குவார்கள்.

கிளம்பு என்றால் ரீட்டா மாதிரி மாநிலம் தாண்டி ஓடச் சொல்லவில்லை. கடல் தண்ணீர் எட்டாத இடத்தில் நல்ல கட்டடம் ஒன்று போதும். சில பத்து மைல் போனாலே உயிர் தப்பும், நூற்றுக்கணக்கான மைல் வேண்டாம் என்றுதான் ஃப்ளோரிடாவில் அதிகாரிகளும் சொல்கிறார்கள். இதை 2005-ல் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கடலிலிருந்து தள்ளி இருக்கும் லேக்லாந்தில் உன் அக்காவிடம் பேசிவிட்டேன். "எப்ப வேணா வரட்டும் சித்தி, கேட்டுட்டு வரணும்னு இல்ல" என்றாள். அறைத்தோழனையும் கூட்டிக்கொண்டு போ. அவனுடைய எலெக்ட்ரிக் காரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டாம். உப்புத் தண்ணீரில் நனைந்த லித்தியம் பேட்டரி பிறகு தானாகவே தீப்பிடிக்கலாம், ஹெலீனுக்குப் பிறகு அப்படி நடந்தது.

பையில் என்ன வைப்பது என்று உனக்கே தெரியும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், ஆஸ்துமா இன்ஹேலர் இரண்டு, பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், ரொக்கம். இன்ஹேலரை மட்டும் மறக்காதே.

இன்சூரன்ஸ் பற்றி உனக்கு அலுப்பாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். நாம் வீடு வாங்கியபோது வெள்ளக் காப்பீடு "கட்டாயமில்லை" என்றார்கள். நம் காதில் அது "தேவையில்லை" என்று விழுந்தது. நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைத்தோம். அதற்கு அர்த்தம் ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. முப்பது வருஷக் கடன் முடிவதற்குள் நாலில் ஒரு பங்குக்கும் மேல் வந்துவிடும். வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்கு ஒரு டாலர் தராது, உன் வாடகைக் காப்பீடும் அப்படித்தான். அதனால் வீட்டைச் சரிசெய்ய எஸ்பிஏ என்ற அரசு அமைப்பிடம் வாங்கிய கடனை நாங்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். வாடகைக்கு இருப்பவர்களும் அரசின் வெள்ளக் காப்பீட்டில் பொருட்களுக்கு மட்டும், ஒரு லட்சம் டாலர் வரை, எடுத்துக்கொள்ளலாம். எடுத்த நாளிலிருந்து முப்பது நாள் கழித்துத்தான் பொதுவாக அது செல்லும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஓடினால் பிரயோஜனமில்லை. இந்த வாரமே எடு. பணம் நான் அனுப்புகிறேன், அதில் வெட்கப்படாதே.

வீட்டை ஒரு சுற்று வீடியோ எடுத்து எனக்கு அனுப்பிவை. எதை இழந்தோம் என்று நாங்கள் நினைவிலிருந்து பட்டியல் போட்ட அந்த வாரம், சுவர்ப் பலகையான ஷீட்ராக்கை நாலடி உயரத்துக்கு வெட்டி வெளியே போட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது.

புயல் போன பிறகும் அவசரப்பட்டு வீட்டுக்கு ஓடாதே. தண்ணீர் நிற்கும் சாலையில் காரை விடவே விடாதே. ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும், இரண்டடியில் பெரிய வண்டியும் போகும். யாராவது ஜெனரேட்டர் வைத்திருந்தால் அது வீட்டைவிட்டு இருபதடி தள்ளி, வெளியில் இருக்க வேண்டும். காராஜில்கூடக் கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

கொலுப் பெட்டிகள் என்ன ஆயின என்று நீ கேட்டதில்லை. டேபிள் தண்ணீரில் மிதந்து கவிழ்ந்துவிட்டது. அம்மாச்சி காஞ்சிபுரத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த தசாவதாரம் பத்தும் கரைந்து களிமண்ணாகிக் கிடந்தன. அந்தக் களிமண்ணைப் பார்த்துத்தான் நான் அழுதேன் என்று நீயும் அப்பாவும் நினைத்தீர்கள். அந்த இருட்டில் ஒரு மணி நேரம் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தபோது நீ எந்த அறையில் இருந்தாய் என்று எனக்கு நினைவுக்கே வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

மண்டலம் எது என்று பார்த்ததும் எனக்கு ஒரு வரி அனுப்பு. புயல் நேரத்தில் போன் கிடைக்காமல் போகலாம், எஸ்எம்எஸ் பெரும்பாலும் போய்ச் சேரும். கிளம்பும்போது "கிளம்பிட்டேன்", லேக்லாந்து போனதும் "வந்துட்டேன்". அது போதும், வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அம்மா

அப்பா பக்கத்தில் நின்று இதைச் சேர்க்கச் சொல்கிறார்: ஜூனிலிருந்து உன் கார் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கக்கூடாதாம்.