ஓடைக்கரையில் நட்ட போத்துகள்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, கேரட் அறுவடையில் மாட்டிக்கொண்டதால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. வாய்க்கால் கரை அரித்து இரண்டு தென்னை சாய்ந்ததைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, உன் அப்பா வைத்த மரங்கள் அல்லவா. கரையில் என்ன நடலாம் என்று கேட்டிருந்தாய். எங்கள் ஓடையோடு நான் பட்டதையே எழுதுகிறேன்.

2009 நவம்பரில் இங்கே நீலகிரியில், கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, நீகூட எனக்கு ஃபோன் கிடைக்காமல் தவித்தாயே, அந்த மழையில்தான் எங்கள் கேரட் காட்டின் அடிப்பாத்திகள் எல்லாம் ஓடையோடு போயின. அப்புறம் கடன் வாங்கிக் கல்லும் சிமெண்டும் போட்டு ஒரு சுவர் எழுப்பினோம். கட்டிக்கொடுத்தவர் அடித்தளத்தை ஆழமாகத் தோண்டவில்லை. நாலு மழைக்காலம் நின்ற சுவர் ஒரு நாள் காலையில் அப்படியே ஓடைக்குள் கவிழ்ந்து கிடந்தது. வெள்ளம் அதன் அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போயிருக்கிறது, மேலே நின்ற எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கரை போவது எப்போதும் அடியிலிருந்துதான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கொஞ்சம் மேலே, ஓடை வளைகிற இடத்தில் மட்டும் கரை அசையவே இல்லை. அங்கே நின்றது ஆற்றுப்பாலை. மாடு மேய்க்க வரும் பெரியவர்தான் பெயர் சொன்னார். கிரிக்கெட் மட்டை செய்கிற வில்லோவுக்குப் பங்காளி மரம், ஆனால் நம் ஊர்க்காரன். அதன் வேர்களைப் பார்க்க வேண்டும் நீ, தண்ணீர் ஓரத்தில் சிவந்த மயிர்க்கற்றை மாதிரி பின்னிக் கிடக்கும், கையை விட்டால் மண் உதிராது. வெள்ளம் வந்தால் இளங்கொம்புகள் முறியாமல் படுத்துக்கொள்ளும், அதன் மேல் போகிற தண்ணீருக்கு வேகம் குறையும், கொண்டுவந்த வண்டலையும் அங்கேயே விட்டுவிட்டுப் போகும்.

கிளையை வெட்டி ஊன்றினாலே பிழைக்கும் மரம், உங்கள் ஊரில் முருங்கைப் போத்து நடுகிற மாதிரிதான். இலை உதிர்ந்து புதுத்துளிர் கிளம்புவதற்கு முன்னால், ஜனவரி கடைசியில் வெட்டினோம். கட்டைவிரல் பருமன், மூன்றடி நீளம், அடிநுனி சாய்வெட்டு. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள், ஈரம் எட்டுகிற ஆழத்துக்குப் போக வேண்டும். கடப்பாரையால் குழி போட்டுவிட்டு இறக்கு, சும்மா அடித்து இறக்கினால் பட்டை உரிந்து அழுகிவிடும். தலைகீழாக நட்டுவிடாமல் மொட்டு மேலே பார்க்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் நட்டேன். இரண்டடிக்கு ஒன்று, வரிசை மாற்றி மாற்றி. கரையின் அடியில் பெரிய கற்களை அடுக்கி, மெல்லிய கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிப் பாதி புதைத்து முளை அடித்தோம். ஜூன் மழைக்கு முன்னால் வேர் பிடிக்க நாலு மாதம் கிடைத்தது. காட்டுமாடு மிதித்துக் கொஞ்சம் போனது, அந்த இடங்களில் மறுவருஷம் திரும்ப நட்டோம்.

வெளிநாட்டு வில்லோ சீக்கிரம் வளரும் என்று ஒருவர் சொன்னார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். ஆஸ்திரேலியாவில் கரை காக்க என்று நட்ட வில்லோக்களின் கிளைகள் ஒடிந்து, மிதந்து போய், கீழே போன இடத்திலெல்லாம் வேர்விட்டு ஓடைகளையே அடைத்துக்கொண்டன. இப்போது அங்கே அதைக் களையாக அறிவித்துப் பிடுங்குகிறார்கள். நம் மலையில் சீகை மரம், அதுதான் வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில், செய்ததே போதும். வேர் மேலாக ஓடும், ஈரக்கரையில் தலை கனத்துச் சாயும், சாய்ந்த மரம் தண்ணீரை எதிர்க்கரைக்குத் திருப்பிவிடும், அப்புறம் அந்தக் கரையும் போகும்.

உன் தென்னைக்கும் அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். கரை விளிம்பில் கனமான மரமே வேண்டாம் வசந்தி. உங்கள் வெயிலுக்கு ஆற்றுப்பாலையைத் தேடி அலைய வேண்டியதில்லை. நொச்சி போத்திலேயே வரும், ஆடும் கடிக்காது, அதைத் தண்ணீர் ஓரத்தில் நெருக்கமாக வை. அதற்கு மேல்வரிசை வெட்டிவேர், அதன் வேர் பத்தடி வரைக்கும் நேராக இறங்கும். நாணல் தானாக வந்தால் அறுத்துப் போடாதே. புங்கனும் நீர்மருதும் வைக்க ஆசையாக இருந்தால் நன்றாக உள்ளே தள்ளி வை.

நடுவதற்கு முன்னால் ஒன்று செய். தண்ணீர் வற்றுகிற சமயத்தில் வாய்க்காலுக்குள் இறங்கி, எந்த வளைவில் அடிமண் குடைந்திருக்கிறது என்று பார்த்து, நீளம் அளந்து எழுது. முடிந்தால் ஜனவரியில் கிளம்பி வா, மேல்வளைவில் இன்னும் நாற்பதடி பாக்கி இருக்கிறது, சேர்ந்தே நடலாம். உறைபனிக் காலம், கனமான ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

உன்,
கமலா