என் மகனைத் தாங்கியவர்களுக்கு

உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நேரில் சொல்ல வரும்போதெல்லாம் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெரு அவனுக்கு வைத்திருந்த பெயர் ‘அடங்காப்பிடாரி’. அப்போது படித்த பள்ளியில் முட்டி போட வைத்தார்கள், பிரம்பால் அடித்தார்கள், கடைசியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. அது அன்று தெரிந்திருந்தால் தலைகுனிந்து வெளியே வந்திருக்கமாட்டேன். வீட்டில் நானும் அடித்தேன். அதை மறைத்துவிட்டு இந்த மடலை எழுத மனம் வரவில்லை.

மளிகைக் கடை அண்ணாச்சி, அவன் உங்கள் கடையில் முட்டை அட்டையைத் தள்ளிவிட்ட அன்று நீங்கள் காசு வாங்கவில்லை. “பிள்ளையைத் திட்டாதே அம்மா. என் தங்கை மகனும் இப்படித்தான் இருந்தான். பாளையங்கோட்டையில் டாக்டரிடம் காட்டு” என்றீர்கள். அதுவரை எங்களுக்கு யோசனை சொன்னவர்கள் எல்லோரும் கயிறு கட்டவோ கண்டித்து வளர்க்கவோதான் சொன்னார்கள்.

டாக்டர் அம்மா, நீங்கள் எடுத்த எடுப்பில் மாத்திரை எழுதவில்லை. காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னீர்கள். வீட்டில் மட்டும் இப்படியா, பள்ளியிலுமா, ஆறு மாதத்துக்கு மேலாகவா என்று கேட்டு, ஆசிரியர் நிரப்ப ஒரு தாளும் கொடுத்தனுப்பினீர்கள். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரிகிற குறை அல்ல இது என்பதை அன்றுதான் அறிந்தேன். கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் ஒன்று, எதற்கெடுத்தாலும் ‘மாட்டேன்’ என்று எதிர்த்து நிற்பது இன்னொன்று, இரண்டும் பல பிள்ளைகளிடம் சேர்ந்தே வரும் என்றீர்கள். முதலாவது பெரும்பாலும் பிறப்போடு வருவது. இரண்டாவது எங்கள் வீட்டில் எப்படி வளர்ந்தது என்பதை நீங்கள் விளக்கியது மறக்காது: நான் கத்துகிறேன், அவன் அதைவிடக் கத்துகிறான், நான் சோர்ந்து விட்டுவிடுகிறேன், கத்தினால் காரியம் நடக்கும் என்று அவன் படித்துக்கொள்கிறான். என் வளர்ப்பைப் பழிக்காமலே என்னை மாற்றிவிட்டீர்கள். மாத்திரை தொடங்கிய பிறகு மதியச் சோறு இறங்காமல் அவன் மெலிந்தபோதும், காலையில் மாத்திரைக்கு முன்பே வயிறாரக் கொடுக்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் எடையும் உயரமும் பார்த்தீர்கள்.

அத்தை, உங்களுக்கும் பொதுவில் நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இவன் தாத்தாவும் ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை” என்றீர்கள். அந்த ஒரு சொல்லில் என் மேல் இருந்த பழி இறங்கியது. நான் மறுத்ததை அடுக்களையில் ரகசியமாக அவனுக்குக் கொடுப்பதையும் அன்றோடு நிறுத்தினீர்கள். பெரியவர்கள் எல்லோரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை முதலில் கடைப்பிடித்தவர் நீங்கள்.

புதுப் பள்ளி டீச்சர், உங்கள் கணக்குத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இருபது கணக்கு அச்சிட்ட தாளை நான்கு கணக்கு மட்டும் தெரியும்படி மடித்து அவன் முன் வைத்தீர்கள். நான்கையும் முடித்தால் வராந்தாவில் ஒரு நடை, பிறகு அடுத்த மடிப்பு. அந்தத் தாளில் நான்கு மடிப்புக் கோடுகள் இருந்த இடம் கிழிந்தே போய்விட்டது; இருபது கணக்கும் அவன் கையெழுத்தில் இருக்கிறது. சாக்பீஸ் எடுத்து வருவதும் மணி அடிப்பதும் அவன் பொறுப்பு. தினமும் ஒரு சிறு நோட்டில் மூன்று நட்சத்திரத்துக்கு எத்தனை என்று எழுதி அனுப்புகிறீர்கள். ஒன்றுகூட இல்லாத நாளில் “நாளை பார்ப்போம்” என்று மட்டும் எழுதுகிறீர்கள். அந்த இரண்டு சொல்லைப் படிக்கத்தான் நான் வாசலிலேயே காத்திருப்பேன்.

இன்னும் சண்டை வருகிறது. போன வாரம்கூட வெயிலில் காய்ந்த அப்பளத்தைப் பாயோடு கவிழ்த்துவிட்டான். ஆனால் அரை மணி நேரத்தில் தானே வந்து பொறுக்கினான். முன்பெல்லாம் அந்தக் கோபம் இரவு வரை நீளும்.

கடைசியாக, பெயர் தெரியாத ஒருவருக்கு. முதல் முறை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுச் செங்கோட்டை ரயிலில் திரும்பும்போது பெட்டி முழுக்க ஓடினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சேரன்மகாதேவியில் பிச்சிப்பூக் கூடையோடு ஏறிய பாட்டி அவனை மட்டும் பார்த்தார். கூப்பிட்டு, மொட்டுகளை இரண்டிரண்டாக எடுத்துத் தரச் சொன்னார். காருகுறிச்சி, வீரவநல்லூர் எல்லாம் கடந்தன. அவன் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான், பாட்டி கட்டிக்கொண்டே வந்தார். “கைக்கு வேலை கொடு தாயி” என்று சொல்லி, கட்டியதில் ஒரு முழம் என் தலையில் வைத்துவிட்டார்.

பாட்டி, அதற்குப் பிறகு அந்த ரயிலில் உங்களைப் பலமுறை தேடிவிட்டோம். உங்களைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சொல்லுங்கள். உங்களுக்கென்று அவன் ஒரு கட்டு அப்பளம் எடுத்து வைத்திருக்கிறான். பழையதாகிவிட்டால் மாற்றி, வேறு கட்டு வைக்கிறான்.

நன்றியுடன்,
ஒரு தாய்,
கல்லிடைக்குறிச்சி