ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மூன்றாம் பாகத்துக்கும் இடம் தாருங்கள்: நீலகிரி ஆட்ட நண்பர்களுக்குத் திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

கோடை விடுமுறையில் குன்னூரில் நடைபெறவுள்ள, பேரரசுகளைக் கட்டியெழுப்பிப் போரிடும் கணினி விளையாட்டான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போட்டியில் இரண்டாம் பாகத்துக்கு மட்டுமே இடம் என்றும், மூன்றாம் பாகம் பெயரளவில்தான் தொடர்ச்சி என்றும் நீங்கள் அறிவித்திருப்பதைக் கண்டேன். அம்முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

2022இல் வந்த கூடுதல் தொகுப்பில் திராவிடர்கள் ஆடக்கூடிய இனமாகவும் ராஜேந்திர சோழன் கதைநாயகனாகவும் வந்து சேர்ந்தபின் இரண்டாம் பாகத்தின் மீது நமக்குள்ள பற்று இன்னும் கூடியிருக்கிறது, எனக்கும் அப்படியே. ஆயினும் 1999இல் அதைப் படைத்த என்செம்பிள் ஸ்டுடியோஸ் நிறுவனம்தான் 2005இல் மூன்றாம் பாகத்தையும் படைத்தது. வெற்றி பெற்றதையே திரும்பச் செய்யாமல், கல் என்ற வளத்தையே நீக்கி, உணவு, மரம், நாணயம் ஆகிய மூன்றோடு நிறுத்தும் துணிவு அவர்களுக்கு இருந்தது.

தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் மூட்டையை எடை போடும் இடத்துக்குச் சுமப்பதைப் போல, இரண்டாம் பாகத்தில் கிராமத்தார் வெட்டிய மரத்தைக் கிடங்குக்குச் சுமந்து சேர்க்க வேண்டும். கிடங்கை எங்கே கட்டுவது என்பதிலேயே பாதித் திறமை வெளிப்பட்டுவிடும். மூன்றாம் பாகத்தில் அந்த நடை இல்லை, வெட்ட வெட்ட மரம் கணக்கில் ஏறிவிடுகிறது. இதனால் ஆட்டம் எளிதாகிவிட்டது என்பது உங்கள் வாதம். அதை நான் ஏற்கவில்லை. அங்கே யோசிக்க வேண்டியது, களத்துக்கு வெளியிலிருந்து நமக்கு உதவும் தாய்நகரம் அனுப்பும் சரக்கைப் பற்றி. அனுபவப் புள்ளிகள் சேர்ந்ததும், 700 மரத்தை வரவழைத்துக் கட்டடம் எழுப்புவதா, எதிரியின் குதிரைப்படை வந்து சேருமுன் வீரர்களை இறக்குவதா என்று சில நொடிகளில் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சீட்டு உண்டு; அதுவும் ஆட்டத்துக்கு முன்பே நாம் தேர்ந்து அடுக்கிய சீட்டுகளிலிருந்து, அவற்றில் பெரும்பாலானவற்றை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்த முடியாது என்ற நிலையில்.

இரண்டாம் பாகத்தில் கோட்டையும் கல்மதிலும் தந்த நிதானமான முற்றுகைச் சுகம் மூன்றாம் பாகத்தில் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2005 பதிப்பில் நல்ல சீட்டுகளுக்காகப் பல ஆட்டங்கள் ஆடித் தாய்நகரத்தை வளர்க்க வேண்டியிருந்தது. புதியவர்களுக்கு அது அநீதி என்ற உங்கள் ஆட்சேபமும் நியாயமானதே. ஆனால் 2020இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பில் சீட்டுகள் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் கிடைப்பதால், அந்தக் காரணம் இனிச் செல்லாது.

முதன்மைப் போட்டி இரண்டாம் பாகத்திலேயே நடக்கட்டும். இரண்டாம் நாள் காலையில் மட்டும் மூன்றாம் பாகத்தில் ஒருவருக்கொருவர் மோதும் சுற்று ஒன்றைச் சேர்த்தால், கூடலூரிலிருந்து வருபவர்களும் மாலைப் பேருந்தைத் தவறவிடாமல் ஆடி முடிக்கலாம். அச்சுற்றுக்கான விதிகளை எழுதித் தரவும் நடுவராக அமரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து ஓர் ஆட்டக்காரர்