படத்தில் இருப்பவை வெள்ளி உலைகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கு பற்றிய கட்டுரையில், பனமிண்ட் மலைத்தொடரில் வரிசையாக நிற்கும் பத்துக் கற்கூண்டுகளின் படத்துக்குக் கீழே ‘வெள்ளி உருக்கிய உலைகள்’ என்று போட்டிருக்கிறீர்கள். அங்கே குன்றிமணி அளவு வெள்ளிகூட உருக்கப்படவில்லை. அவை கரிச்சூளைகள். 1877இல் மோடாக் சுரங்க நிறுவனம் கட்டியவை. வெள்ளியும் ஈயமும் கலந்த தாதுவை வெட்டியதும் உருக்கியதும் ஏறத்தாழ 40 கி.மீ. மேற்கே, பனமிண்ட் பள்ளத்தாக்குக்கு அப்பால் ஆர்கஸ் மலையில்.

உலை ஓரிடம், சூளை ஓரிடம் என்று ஆனதற்கு விறகுதான் காரணம். மேற்கே உள்ள சியரா நெவாடா மலைத்தொடர் மழையை மறித்துவிடுவதால் தாழ்ந்த சரிவுகளில் மரமே கிடையாது. பின்யான் பைனும் ஜூனிபரும் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில்தான் வளர்கின்றன. அவ்வளவு தூரத்துக்குப் பச்சை விறகைச் சுமப்பதை விடக் கரியைச் சுமப்பது லாபம்; எடை நாலில் ஒரு பங்குதான் வரும். வெப்பமும் கூடுதல். தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி ஈயத்தைப் பிரிப்பதற்கும் கரி வேண்டும்.

நம் ஊர் கரிமூட்டத்துக்கு மண் பூசுகிறோம். அங்கே கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், 25 அடி உயரத்துக்கு. ஒரு சூளைக்கு 42 கார்டு, அதாவது சுமார் 150 கன மீட்டர் விறகு. தீ மூட்டி வாசலை அடைத்த பிறகு துளைகளைத் திறந்து மூடுவதில்தான் வித்தை எல்லாம். காற்று கூடினால் சாம்பல், குறைந்தால் வேகாத கட்டை. வெண்புகை மெலிந்து நீலம் தட்டினால் கரி ஆகிவிட்டதென்று பொருள். ஒரு வாரம் எரிந்தால் 2,000 புஷல், ஏறத்தாழ 70 கன மீட்டர் கரி கிடைக்கும். பிறகும் துளைகளை இறுக அடைத்து ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டு மொத்தமும் பற்றிக்கொள்ளும்.

இரண்டே ஆண்டுகளில், 1879வாக்கில், வேலை நின்றுபோனது. சுவர்கள் இன்றும் உறுதியாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். 1971இல் நவஹோ பழங்குடிக் கொத்தனார்கள் பழுது பார்த்ததும் உண்டு.

தாதுவை மட்டும் வைத்து இந்த மலையின் சுரங்க வரலாற்றை எழுத முடியாது. 1906இல் தங்கம் கிடைத்த ஸ்கிடூ என்ற சுரங்க ஊரில் தாது இருந்தது, தண்ணீர் இல்லை. டெலஸ்கோப் சிகரத்தின் பக்கத்து ஊற்றிலிருந்து சுமார் 37 கி.மீ. குழாய் பதித்தார்கள். மேட்டிலிருந்து இறங்கும் அந்தத் தண்ணீரின் விசைதான் 15 உலக்கை கொண்ட தாது இடிக்கும் ஆலையை ஓட்டியது.

படக்குறிப்பைத் திருத்தும்போது உயரங்களைக் குறித்த வரைபடம் ஒன்றையும் சேர்த்து வெளியிடுங்கள். டெலஸ்கோப் சிகரம் 3,366 மீட்டர்; அதன் கிழக்கே உள்ள பேட்வாட்டர் உப்புப் படுகை கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே.

வாசகர், சேலம்