மூன்று பிரிக் கயிறு

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் இதழில் மரபணுக் கோளாறு பற்றி நாலு வரியோடு முடிக்கிறீர்கள், புரதம் எப்படி மடிகிறது என்றும் எழுதுங்களேன். பாம்பனில் கயிறு முறுக்குவதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுக்கு என்று 1954-இல் சொன்னவர்கள், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்தான். அதில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்கவேண்டும், புரத இழையில் கோக்கப்படும் அமினோ அமிலங்களில் இருப்பதிலேயே சின்னது அதுதான், முறுக்கின் நடுவே வேறெதற்கும் இடமில்லை. ஒரு கிளைசினை மட்டும் அதைவிடச் சற்றுப் பெரிய அலனின் என்ற அமினோ அமிலமாக மாற்றிய கொலாஜன் போன்ற துண்டைப் படிகமாக்கி எக்ஸ் கதிரில் பார்த்து 1994-இல் வேறு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்: அந்த இடத்தில் முறுக்கு கொஞ்சம் தளர்ந்து, இழைகளுக்கிடையே தண்ணீர் மூலக்கூறுகள் புகுந்திருந்தன! மனிதர்களிடம் மரபணுக் கோளாறால் கிளைசின் இப்படி மாறினால் கொலாஜன் மடிவது தாமதமாகும், சிலருக்கு லேசாக இடித்தாலே எலும்பு முறியும். எழுதும்போது படமும் போடுங்கள், சரி, கயிற்றுப் படமானாலும் பரவாயில்லை.

ஒரு வாசகர், மண்டபம்