பாஷோவின் சில்வண்டும் உன் ஆற்றுக் கவிதைகளும்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்ற வரியைப் பார்த்த பிறகுதான் மற்றதை நிதானமாகப் படித்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்குக் கண்புரை எடுத்தாயிற்று. எழுத்தெல்லாம் கருகருவென்று தெரிகிறது. கூடவே வீட்டுச் சுவரின் விரிசல்களும்.

தொகுப்புக்காகப் பழைய ஆற்றுக் கவிதைகளை எடுத்தால் கை துறுதுறுவென்கிறது, ஆனால் திருத்தினால் அது பொய்யாகிவிடாதா என்று கேட்டிருக்கிறாய். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தவர் ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோ.

1689-இல் சீடர் சோராவோடு ஜப்பானின் வடபகுதிக்கு நடந்துபோனாரே, அந்தப் பயணத்தில் ஜூலை 13 அன்று யமதேரா என்ற மலைக்கோயிலில் மலை ஏறுகிறார். பாறைமேல் பாறை, மேலே சந்நிதிகள் எல்லாம் சாத்திக் கிடக்கின்றன, ஒரு சத்தமில்லை. அப்போது எழுதியது ஏறக்குறைய இப்படி:

மலைக்கோயில்;
கல்லில் ஊறிப் படிகிறது
சில்வண்டின் குரல்.

இடையில் ஒரு வடிவத்தில் 'மலைக்கோயில்' போய் 'தனிமை' வந்தது, கல் பாறையானது. கடைசியில், அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் நிற்பது:

என்ன நிசப்தம்!
பாறைக்குள் ஊறி இறங்குகிறது
சில்வண்டின் குரல்.

முதல் வடிவம், போனேன், பார்த்தேன் என்று சொல்லும் குறிப்பு. இரண்டாவதில் தன் மனநிலையைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கிறார். மூன்றாவதில் இடத்தின் பெயரும் இல்லை, அவரும் இல்லை. ஆனால் அந்த மலையில் நின்றால் காதில் விழுவது மூன்றாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் குறுக்குத்துறைக் கவிதையில் துறையின் பெயர் மூன்று முறை வருவதைக் கொஞ்சம் யோசித்துப் பார். (கோபித்துக்கொள்ளாதே.)

இதைவிட எனக்குப் பிடித்தது மொகாமி ஆற்றுக் கவிதை. யமதேராவிலிருந்து இறங்கி ஓயிஷிதாவுக்குப் போகிறார். ஆற்றங்கரையில் ஒருவர் வீட்டில் நாலு பேர் கூடி, ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடரும் தொடர்கவிதை பாடுகிறார்கள். விருந்தாளி முதல் அடி எடுத்துக் கொடுக்க வேண்டும். கார்கால மழையையெல்லாம் சேர்த்துக்கொண்டு எவ்வளவு குளுமை இந்த மொகாமி ஆறு என்று பாடினார். உன் வீட்டுத் திண்ணை குளுகுளுவென்று இருக்கிறதப்பா என்று வீட்டுக்காரருக்குச் சொல்லும் மரியாதைதான் அது. சில நாளில் அதே ஆற்றில் படகேறினார். வெள்ளம் பெருகி ஓடியது, படகுக்கே ஆபத்து என்று உரைநடையில் எழுதுகிறார். புத்தகத்தில் 'குளுமை' போய்விட்டது. அந்த இடத்தில் 'வேகம்'. மாறியது ஒரே ஒரு சொல். கரையில் உட்கார்ந்து பார்த்த ஆறும் மேலே மிதந்துபோன ஆறும் ஒன்றல்லவே.

இனி பொய் விஷயத்துக்கு வருகிறேன். இச்சிபுரி என்ற ஊர்ச் சத்திரத்தில் அடுத்த அறையில் இரண்டு தாசிகள் தங்கியிருந்ததாகவும், அதுபற்றி ஒரு கவிதை சொன்னதாகவும், அதைச் சோரா குறித்துக்கொண்டதாகவும் பாஷோ எழுதுகிறார். 1943-இல் சோரா அந்தப் பயணத்தில் எழுதிய நாட்குறிப்பு அச்சில் வந்தது. அதில் அந்தக் கவிதையே இல்லை! தேதிகளும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. அதே சோராவின் குறிப்புகளால்தான் யமதேராக் கவிதையின் முதல் வடிவமும் நமக்குத் தெரியவந்தது என்பது வேடிக்கை. 1996-இல் வெளிப்பட்ட, அந்தப் பயணப் புத்தகத்தின் ஒரு கையெழுத்துப் பிரதியை பாஷோவே எழுதியது என்று பலரும் ஏற்கிறார்கள். அதில் 70-க்கும் மேற்பட்ட இடங்களில் காகிதத் துண்டு ஒட்டி, மேலே மாற்றி எழுதியிருக்கிறது. நடந்து முடித்து ஐந்து வருஷம் கழித்து, 1694-இல்தான் திருத்தமெல்லாம் முடித்த நல்ல பிரதி தயாரானது. அந்த வருஷமே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். புத்தகம் அச்சேறியது 1702-இல்.

ஆகவே திருத்து. ஆனால் இப்போது ஆற்றில் ஓடும் சாக்கடையை நினைத்துக்கொண்டு, அன்றைய கவிதைக்குள் ஒப்பாரியைக் கொண்டுபோய்ச் சொருகாதே. அந்த ஆத்திரத்துக்குப் புதிதாக ஒன்று எழுது. 'மண்டபத்து வெயில்' கவிதையில் கடைசி இரண்டு வரி வேண்டாம். அதை அப்போதே சொன்னேன், நீதான் கேட்கவில்லை.

நீ அந்தக் காலத்தில் இன்லண்டு லெட்டரில் எழுதி அனுப்பிய முதல் வடிவங்கள் என் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஜெராக்ஸ் எடுத்து இந்த வாரமே அனுப்புகிறேன். அசல் கிடைக்காது, கேட்காதே. தைக்கு முன் அச்சுக்குப் போகுமா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்